ஒரு கப்பலுக்கு ஒரு பதில்

ஓய்,

பனி கொட்டுகிற ஏதோ ஓர் ஊரில், ரயில் நிலையத்து வாசலில், மூன்று நாளாக ஒரு பெண் நின்றுகொண்டிருக்கிறாள். காணாமல் போன தம்பியைத் தேடி வந்தவள். "இந்தக் குளிரில் எதற்கு வந்தாய்?" என்று ஸ்டேஷன் மாஸ்டர் ஜன்னலுக்குள்ளிருந்து கேட்கிறார். அவள் என்ன சொல்ல வேண்டும் என்று கம்ப்யூட்டர் எனக்கு மூன்று வாக்கியங்களைக் காட்டுகிறது. உண்மையைச் சொல்லலாம், பொய் சொல்லலாம், பேசாமல் நிற்கலாம். எதை அமுக்கினாலும் அந்த மனுஷன் ஜன்னலைப் படார் என்று சாத்திக்கொள்கிறார். மறுபடியும் அவளை வாசலிலிருந்து நடத்திக் கொண்டுவர வேண்டும். பதினான்கு முறை கொண்டுவந்துவிட்டேன்.

இடுப்பு எலும்பு முறிந்து வீட்டோடு கிடக்கிறேன் என்று மகள் இதைத் தன் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்தாள். "கதை மாதிரி இருக்கும்ப்பா. என்ன நடக்கணும்னு நீங்களே முடிவு பண்ணலாம். பொழுது போகும்" என்றாள். பொழுது எங்கே போகிறது, ரத்தக் கொதிப்புத்தான் ஏறுகிறது. நேற்று பொறுக்க முடியாமல், "முதல்ல அந்தாளுக்கு ஒரு டீ வாங்கிக் குடுக்கணும்!" என்று கத்திவிட்டேன். சமையலறையிலிருந்து அவள், "யாருக்குப்பா டீ?" என்றாள்.

"ஸ்டேஷன் மாஸ்டருக்கு. குளிர்ல ஒக்காந்திருக்கான்ல."

"அதுக்கெல்லாம் ஆப்ஷன் கிடையாதுப்பா."

அந்தச் சொல்லைக் கேட்டதும்தான் உம்முடைய பழைய கதை விளையாட்டு ஞாபகம் வந்தது. உம்மிடம் டீ வாங்கிக் கொடுக்கிறேன் என்று நான் சொல்லியிருந்தால், "டீக்கடை பூட்டிக் கெடக்கு வே. சாவி ஓடைக்கு அந்தாண்ட இருக்கு. ஓடையில முதலை கெடக்கு" என்று ஒரு மணி நேரம் என்னை இழுத்தடித்திருப்பீர். அதிலும் எனக்கு எரிச்சல்தான் வந்திருக்கும். ஆனால் டீ என்பதே கிடையாது என்று ஒருநாளும் சொல்லியிருக்க மாட்டீர். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் பேப்பரை எடுத்தேன். நீர் போய் இருபது நாள் ஆகிறது. எழுதி எங்கே அனுப்புவது என்று தெரியாமலேதான் எழுதுகிறேன்.

எல்லாம் அந்தப் பாழாய்ப்போன கப்பலில் ஆரம்பித்தது. மெட்ராஸில் ஏறியபோது எனக்கு வயது இருபத்திரண்டு. அந்தமானில் சர்க்கார் வேலை என்று வீட்டில் மார்தட்டிக்கொண்டு புறப்பட்டவன், பங்க் கிளாஸில் கீழ்த்தட்டில் சுருண்டு கிடந்தேன். இரண்டாம் நாளுக்குள் வயிற்றில் இருந்ததும் இல்லாததும் வெளியே வந்தாகிவிட்டது. மேல்தட்டிலிருந்து ஒரு தலை கீழே தொங்கியது. அதுதான் நீர்.

"எந்த ஊரு வே?"

"பாளையங்கோட்டை."

"நான் அம்பாசமுத்திரம். வாந்தியவே நெனைச்சிட்டுக் கெடக்காதேயும். நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லும். கப்பல் ஒடஞ்சு நீரு ஒரு தீவுல ஒதுங்கிட்டீரு. கையில ஒரு தகர டப்பா, கொஞ்சம் கயிறு, ஒரு தீப்பெட்டி. என்ன செய்வீரு?"

"கப்பல்ல வச்சுக் கப்பல் ஒடையற கதையா சொல்லுவீரு?"

"பதிலச் சொல்லும்."

"தீ மூட்டுவேன்."

"தீப்பெட்டி நனைஞ்சுல்லா போச்சு."

"அத முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"நீரு கேக்கலையே."

போர்ட் பிளேர் வருவதற்குள் தகர டப்பாவில் மழைத்தண்ணீர் பிடித்து, அந்த டப்பாவை ஒரு நண்டுக்குப் பறிகொடுத்து, கயிற்றை வைத்து மரமேறிக் கீழே விழுந்து முடித்திருந்தேன். வாந்தி நின்றுபோனதைக்கூடக் கவனிக்கவில்லை. எல்லோரும் புதுத் தீவை வாய் பிளந்து பார்த்தபடி இறங்கினார்கள். நான் உம் பின்னாலேயே வந்து, "டப்பா திரும்பக் கெடைக்குமா, கெடைக்காதா?" என்று நச்சரித்துக்கொண்டிருந்தேன்.

மரைன் ஹில் சரிவில் ஒரே அறையை எடுத்தோம். எனக்குத் துறைமுகத்துப் பக்கம் ஆபீஸில் குமாஸ்தா வேலை, உமக்கு நாற்றுப் பண்ணையில் ஓவர்சியர் வேலை. அந்த நாட்களில் கப்பல் கப்பலாகக் குடியேற்றக் குடும்பங்கள் வந்து இறங்கும். பானை சட்டியோடும் ஆட்டுக்குட்டியோடும் வருவார்கள். அவர்களுக்கு எந்தத் தீவு, எந்த நிலம் என்று காகிதம் எழுதியே எனக்கு வாரம் ஓடிவிடும். ஞாயிற்றுக்கிழமை மதியம் சோறு வடித்துச் சாப்பிட்டானதும் நீர் கட்டிலில் சாய்ந்து, "ம், எங்க நின்னோம்?" என்பீர்.

உம்மைப்போல எரிச்சல் மூட்டுகிற கதைசொல்லியை நான் கண்டதில்லை. ஓர் ஓடையைத் தாண்ட முடியாமல் மூன்று ஞாயிறு என்னைக் கரையிலேயே நிறுத்தி வைத்தீரே, நினைவிருக்கிறதா? மரத்தைச் சாய்த்தேன், அடித்துக்கொண்டு போயிற்று. தெப்பம் கட்டினேன், முதலை கவிழ்த்தது. கயிறு கட்டித் தாவினேன், கயிறு இற்றுப்போயிருந்தது. கடைசியில் தோற்றுப்போய் வழியைக் கேட்டால், "தண்ணி எறங்குற வரைக்கும் சும்மா ஒக்காந்திருக்கலாம்லா. கடலோரத்து ஓடைதான?" என்றீர். தினமும் ஆபீஸ் ஜன்னல் வழியாகக் கடல் ஏறி இறங்குவதைப் பார்க்கிறவன் நான். கையில் கிடைத்த செருப்பை உம்மேல் எறிந்தேன்.

அன்று வந்த சண்டையில்தான் சட்டம் பிறந்தது. என் மூஞ்சியைப் பார்த்து நீர் கதையைத் திருப்புகிறீர் என்று நான் சொன்னேன். உம் மூஞ்சியைப் பார்த்து நான் பதிலை மாற்றுகிறேன் என்று நீர் சொன்னீர். அதனால் இனிமேல் பதிலைத் தாளில் எழுதி மடித்துக் கொடுக்க வேண்டும். பிரிக்கும்வரை வாயால் மூச்சு விடக் கூடாது. பிரித்த பிறகு மாற்றக் கூடாது. பக்கத்து அறைக்காரர் நாம் தாளை மடித்து நீட்டுவதைப் பார்த்து, "யே தோனோ பாகல் ஹை" என்று தலையில் அடித்துக்கொண்டார். இரண்டும் பைத்தியங்களாம். அவர் சொன்னது எவ்வளவு சரி என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மூன்றாம் வருஷம் உம்மைத் தெற்கே வேறொரு தீவுக்கு, ஹட் பேக்கு மாற்றினார்கள். அங்கே பாமாயில் தோட்டம் போடுகிறார்கள், நாற்று வளர்க்க ஆள் வேண்டும் என்று. மூட்டை கட்டும்போது என் முகம் தொங்கிப்போயிருந்ததைப் பார்த்து, "ஆட்டம் நிக்காது வே. ஒரு கப்பலுக்கு ஒரு பதில்" என்றீர். பத்து நாளைக்கு ஒரு கப்பல், கடல் மனசு வைத்தால். உம்முடைய கேள்வி ஒரு கப்பலில் வரும், என்னுடைய பதில் அடுத்த கப்பலில் போகும். அந்தக் கடிதங்களில் வேறு எதற்கும் இடம் கிடையாது. சாப்பாடு எப்படி, உடம்பு எப்படி என்று நான் கேட்டால், 'அதெல்லாம் ஆட்டத்தில் இல்லை' என்று ஒரே வரியில் வாயை அடைப்பீர். சலித்துப்போய் நானும் கேட்பதை விட்டுவிட்டேன். அப்படி விட்டதற்காக இன்றைக்கும் என்னை நானே வைதுகொள்கிறேன்.

அடுத்த மழைக்காலத்தில், கதையில் என் தீவுக்கு இன்னொருவனைக் கொண்டுவந்து சேர்த்தீர். பெயர் வைக்கவில்லை. கூட்டாளி என்று மட்டும் எழுதினீர். எனக்கு அவனைப் பிடிக்கவே இல்லை. நான் தோண்டிய கிழங்கில் பாதியைத் தின்றுவிட்டு நாள் முழுக்கக் கதை சொல்லிக்கொண்டிருந்தான். அது யார் என்று எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

பிறகு அந்தக் கடிதம் வந்தது. 'கூட்டாளிக்குக் காய்ச்சல். நாலு நாளாக எழுந்திருக்கவில்லை. கரையில் ஒரு தோணி ஒதுங்கியிருக்கிறது. அதில் ஒருவருக்குத்தான் இடம். என்ன செய்வீர்?'

ஓய், நான் அந்தத் தீவில் ஒதுங்கி எத்தனை வருஷம்! ஒரு தோணிக்காக எத்தனை மரத்தை வெட்டி, எத்தனை முறை முதலையிடம் தப்பினேன்! தோணி என்ற சொல்லைப் பார்த்ததுமே துள்ளிவிட்டேன். உம் கையெழுத்து ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்ததைப் பார்க்கவும் செய்தேன். ஆடுகிற லாஞ்சுப் படகில் உட்கார்ந்து எழுதியிருப்பீர் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு நாள் யோசித்து, பெரிய கெட்டிக்காரனைப் போலப் பதில் எழுதினேன். 'கூட்டாளியின் பக்கத்தில் தண்ணீரும் கிழங்கும் வைத்துவிட்டுத் தோணியில் கிளம்புகிறேன். வேறு தீவிலிருந்து ஆள் கூட்டி வருவேன்.' இதில் நீர் எந்தக் குற்றமும் கண்டுபிடிக்க முடியாது என்று எனக்கு ஒரே பெருமை. ஆபீஸ் பியூனிடம்கூடச் சொல்லிச் சிரித்தேன்.

அடுத்த கப்பலில் ஒற்றை வரி வந்தது. 'கிளம்பிவிட்டீர். தீவு கண்ணுக்கு மறைந்துவிட்டது.' கேள்வி இல்லை. கேள்வி இல்லாமல் நான் எதற்குப் பதில் எழுதுவது? 'இது என்ன ஆட்டம்? கேள்வி எங்கே?' என்று காரசாரமாக எழுதிப் போட்டேன். அதற்கடுத்த கப்பலில் ஒன்றும் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. தோற்கப்போகிறோம் என்றதும் ஆட்டத்தைக் கலைத்துவிட்டீர் என்று அறைச் சுவரைப் பார்த்து உம்மைத் திட்டித் தீர்த்தேன்.

உங்கள் நாற்றுப் பண்ணையின் வங்காளி மேஸ்திரி ஏதோ காகிதத்துக்கு முத்திரை வாங்க ஆபீஸுக்கு வந்தார். என்னை யாரென்று தெரிந்ததும் ஒரு மாதிரியாகப் பார்த்தார். "ஆப்கா தோஸ்த் டேட் மஹீனே ஸே மலேரியா மே படா ஹை" என்றார். ஒன்றரை மாதமாக மலேரியாவில் கிடக்கிறீராம். பிறகு தயங்கி, "ஆப் ஆயே நஹீ?" என்று கேட்டார். நீங்கள் வரவே இல்லையே என்று கேட்கிறார்.

நீர் என்னைக் கூப்பிட்டிருக்கிறீர். நான் தோணியில் ஏறிப் போய்விட்டேன் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன்.

இந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டில் 'சேவ்' என்று ஒன்று இருக்கிறது. அமுக்கி வைத்துக்கொண்டால் தப்பான இடத்திலிருந்து எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பி வந்து வேறு பதில் சொல்லலாம். மகள்தான் இதைச் சொல்லிக்கொடுத்தாள். பனியில் நிற்கிற யாரோ ஒருத்திக்குப் பதினான்கு தடவை கிடைக்கிறது. எனக்கு ஒரே ஒரு தடவை கிடைத்திருந்தால் போதும். அந்தக் கடிதத்தைப் பிரித்த சாயங்காலத்துக்குத் திரும்பிப் போயிருப்பேன்.

அதே சமயம் உம்மேல் வந்த கோபமும் கொஞ்சநஞ்சமில்லை. காய்ச்சல் என்றால் காய்ச்சல் என்று எழுத வேண்டியதுதானே? கிளம்பி வா என்று எழுதினால் கை தேய்ந்துவிடுமா? கூட்டாளியாம், தோணியாம், கிழங்காம்! சாகக் கிடக்கும்போதும் சட்டத்தை மீறாத மனுஷன். மூட்டை கட்டிக்கொண்டே திட்டினேன். மாத்திரை, இரண்டு டின் பால் பவுடர், ரொட்டி எல்லாம் எடுத்துக்கொண்டு, அடுத்த கப்பலில் லீவு போட்டு ஏறினேன்.

விடிந்தபோது ஹட் பே தெரிந்தது. கப்பல் தூரத்திலேயே நங்கூரம் போட்டது. அங்கே கரையில் இறங்குவது எப்படி என்று உமக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கரையிலிருந்து அந்தச் சின்ன டிங்கித் தோணி வர வேண்டும், அதில் குதித்து ஏற வேண்டும். அன்று அலை சுவர்போல எழும்பிக்கொண்டிருந்தது. ஒரு டிங்கியை இறக்கிப் பார்த்தார்கள், கரையிலேயே கவிழ்ந்தது. ஆட்கள் எறும்பு அளவில் நிற்பது தெரிந்தது. தென்னை வரிசைக்குப் பின்னால்தான் உம் குவார்ட்டர்ஸ் என்று ஒருவர் கைநீட்டிக் காட்டினார். மதியம்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "ஆஜ் நஹீ ஹோகா" என்றார் ஒரு மாலுமி. இன்றைக்கு ஆகாது. நான் நீந்திப் போகிறேன் என்று அவரிடம் சண்டைக்குப் போனேன். எனக்கு நீச்சல் தெரியாது என்பது உமக்குத் தெரியும். சாமானையும் தபாலையும் இறக்காமலே கப்பல் திரும்பியது. பால் பவுடர் டின் இரண்டையும் மரைன் ஹில்லுக்கே தூக்கிக்கொண்டு வந்தேன்.

அடுத்த கப்பலில் ஏறத் தயாராக இருந்தேன். ஆனால் அந்தக் கப்பலில் நீரே வந்து சேர்ந்தீர். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. சட்டை உம்முடையதா, வேறு யாருடையதா என்று சந்தேகமாக இருந்தது. வாசலில் நின்று, "எங்க வே போனீரு?" என்றீர்.

நான் வந்ததைச் சொன்னேன். அலை, கவிழ்ந்த டிங்கி, மதியம்வரை நின்றது, ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது நான் கட்டின கதை மாதிரி ஒலித்தது. நீர் கேட்டுக்கொண்டே உள்ளே வந்து, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, துணிமூட்டையை அவிழ்க்க ஆரம்பித்தீர்.

"கரை ஏறினாத்தான் கணக்கு வே" என்றீர்.

உம் முகம் எனக்குத் தெரியவில்லை. சிரித்துக்கொண்டு சொன்னீரா, நம்பாமல் சொன்னீரா? எழுந்து முன்னால் வந்து பார்த்திருக்கலாம். வாய்விட்டுக் கேட்டிருக்கலாம். நான் அடுப்பைப் பற்றவைத்துக் கஞ்சி போடப் போனேன். பத்து நாள் இருந்தீர், உடம்பு தேறியது, ஹட் பேக்குத் திரும்பினீர். கப்பல் ஏற்றிவிட வந்தபோதும் பால் பவுடர் எப்படிக் கரைப்பது என்றுதான் பேசிக்கொண்டிருந்தோம்.

நீர் போன மறுநாளே ஹட் பேக்கு மாற்றல் கேட்டு மனு எழுதினேன். ஹெட் கிளார்க் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "பாகல் ஹோ கயா க்யா? அங்க போட்டா அழறானுக. நீ கேட்டு வாங்கறியா?" என்றார். ஆமாம் என்றேன். உமக்கு மூச்சு விடவில்லை. பிரிக்கும்வரை பதிலைச் சொல்லக் கூடாதே! இந்தத் தடவை பதில் தாளில் வராது, டிரங்குப் பெட்டியோடு கரை ஏறி வரும், அப்போது உம் மூஞ்சியைப் பார்க்க வேண்டும் என்று எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டு திரிந்தேன். ஆறு மாதம் கழித்து ஆர்டர் வந்தது.

அன்று கடல் தட்டுப்போலக் கிடந்தது. கப்பலிலிருந்து டிங்கியில் பெட்டியை இறக்கி, நானும் இறங்கி, கரையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தேன். எதிரே கரையிலிருந்து இன்னொரு டிங்கி, கப்பலேறப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு வந்தது. அதில் ஒரு டிரங்குப் பெட்டி. பெட்டியின் மேல் நீர்.

"எங்க வே போறீரு?" என்று கத்தினேன்.

"மெயின்லேண்டுக்கு. ட்ரான்ஸ்பர் கெடைச்சிருச்சு. நீரு எங்க இங்கன?"

"நானும் ட்ரான்ஸ்பர்ல்லா. ஹட் பேக்கு."

நீர் எழுந்து நின்றுவிட்டீர். "பைட்டோ! பைட்டோ!" என்று உங்கள் தோணிக்காரன் அலறினான். டிங்கி ஒரு பக்கம் சாய்ந்தது, கூட இருந்தவர்கள் உம் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்கள். இரண்டு டிங்கிக்கும் நடுவில் இரண்டு துடுப்பு நீளம்தான். "சொல்லிருக்கலாம்லா வே!" என்றீர். "நீரு சொன்னீரா?" என்று நான் கத்தினேன். கோபத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. திருப்பு, திருப்பு என்று என் தோணிக்காரன் தோளைப் பிடித்து உலுக்கினேன். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கப்பல் சங்கு ஊதியது. நீர் மேலே ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பதைக் கரையிலிருந்து பார்த்தேன்.

நேரில் வந்து சொல்லலாம், அதுவரை வாயைத் திறக்கக் கூடாது என்று இருந்ததாக அப்புறம் ஊரிலிருந்து எழுதினீர். போர்ட் பிளேரில் கப்பல் மாறும்போது என் அறைக் கதவைத் தட்டிச் சொல்வதாக எண்ணமாம். நம் இரண்டு பேரைத் தவிர இந்த மாதிரி முட்டாள்தனத்தை இந்தத் தீவுகளில் வேறு யாரும் செய்திருக்க முடியாது.

ஆறு வருஷம் ஹட் பேயில் இருந்தேன். நீர் இருந்த அதே குவார்ட்டர்ஸில். எனக்கும் இரண்டு முறை மலேரியா வந்தது. கூரையைப் பார்த்துக்கொண்டு, அடுத்த கப்பலுக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணியபடி படுத்திருப்பது எப்படி என்று அப்போது தெரிந்துகொண்டேன். உம் கடிதங்கள் வந்தன. கல்யாணம், பிள்ளைகள், வாய்க்காலில் தண்ணீர் விடவில்லை, இப்படி. ஒன்றில்கூடக் கேள்வி இல்லை. ஒருதரம் நானே வெட்கத்தை விட்டு, 'நான் இன்னும் கடலில்தான் கிடக்கிறேன். தீவுக்குத் திரும்ப வழி சொல்லும்' என்று எழுதினேன். 'சவத்த விடும் வே. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வேலை கிடக்கு' என்று பதில் வந்தது. அந்தக் கடிதத்தைக் கிழித்துப்போட்டேன்.

அதன் பிறகு நாலைந்து முறை பார்த்திருப்போம். உம் மகள் கல்யாணத்தில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். ஒவ்வொரு முறையும் நாக்கு நுனிவரை வரும். அன்றைக்கு அந்தக் கப்பலில் நான் வந்தேன் என்பதை நீர் நம்பினீரா? இதைக் கேட்க எனக்கு ஐம்பது வருஷம் போதவில்லை. நீர் கேட்ட ஆயிரம் கேள்விக்குப் பதில் சொன்னவன் நான். என்னிடம் இருந்தது ஒரே ஒரு கேள்வி. நம்பவில்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயந்துகொண்டு, ரசம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

இருபது நாளைக்கு முன்னால் உம் மகள் போன் செய்தாள். அப்பா போய்விட்டார் என்றாள். இரண்டு மாதமாகப் படுக்கையில் இருந்தீராம். துக்க வீட்டுப் பெண்ணிடம் பேசுகிறோம் என்றுகூடப் பார்க்காமல் கத்திவிட்டேன். "ரெண்டு மாசமா? எனக்கு ஏம்மா ஒரு வார்த்தை சொல்லல?"

அவள் அழுதுகொண்டே சொன்னாள். "நாங்க சொல்லணும்னுதான் இருந்தோம் மாமா. அப்பாதான் விடல. 'அவருகிட்ட மட்டும் வாயத் தொறந்துராதீங்க. தெரிஞ்சா அந்த மனுஷன் ஒடஞ்ச இடுப்போட கெளம்பிருவாரு. நான் காய்ச்சல்ல கெடந்தப்ப, டிங்கிகூட எறங்க முடியாத கடல்ல வந்து நின்னவரு'ன்னாங்க."

போனை மகளிடம் கொடுத்துவிட்டேன்.

அப்படியென்றால் நம்பியிருக்கிறீர். முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அன்றைக்கே நம்பியிருக்கிறீர். வீட்டில் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறீர், என்னைத் தவிர. ஓய், என்னிடம் சொல்வதற்கென்ன? நான் வருவேன் என்று தெரிந்துகொண்டே என்னை வரவிடாமல் செய்துவிட்டீரே, இது எந்த ஊர் நியாயம்? உம்மேல் எனக்கு இருக்கிற ஆத்திரம் இந்த ஜென்மத்தில் ஆறாது.

முந்தாநாள் உம் மகளுக்கு நானே போன் செய்தேன். பதினாறாம் நாள் காரியமெல்லாம் நல்லபடியாக முடிந்ததா என்று கேட்டேன். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், சாப்பிட்டாயா என்று கேட்டேன். கடைசியில், "அப்பா என்னப்பத்தி என்னமோ சொன்னாருன்னு சொன்னியேம்மா, அன்னைக்குச் சரியா காதுல விழல" என்றேன். அவள் மறுபடி சொன்னாள். நன்றாகத்தான் விழுந்தது, முதல் தடவையும். நாளைக்கும் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு அவளைக் கூப்பிடுவேன்.